மேசைக்கு அடியில் போகாத ஹேண்டில் பார்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஞானத்தில் வரவில்லை, கழுத்து வலியில் வந்தது. போன மார்ச்சில் ஒரு வாரம் முழுக்கத் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பு மொத்தத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சைக்கிள் ஹேண்டில் பாரை உயர்த்துவது எப்படி என்று தேடினேன். என்னுடையது பழைய இரும்பு வண்டி. மேலே ஒரே ஒரு போல்ட். ஐந்து நிமிட வேலை என்று போட்டிருந்தது. ஐந்து நிமிடம் வேலை செய்வதைவிட ஏழு மாதம் கதை எழுதுவது எனக்குச் சுலபம். அப்படித்தான் ஓடிலோன் பிறந்தான்.

(இந்தப் பத்தியில் ஒரு பொய் இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும். பின்னால் ஒரு அம்மாள் வந்து அதைப் பிடுங்கி எறிவார்.)

ஆரம்ப வரிக்குச் சில முயற்சிகள் செய்தேன்.

"ஃபிளாண்டர்ஸின் மேடு பள்ளங்களில் விடியல் மெல்ல மெல்ல" — வேண்டாம். விடியல் எந்த ஊரிலும் மெல்லத்தான் வருகிறது. அதிலும் எங்கள் ஊரில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு வருகிறது.

"ஒரு மனிதன் எவ்வளவு தூரம் குனியலாம் என்று" — சீ. தத்துவம் பேச ஆரம்பித்தால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். நானும் அதைத்தான் செய்வேன்.

"ஓடிலோன் தன் சுண்டு விரலைக் காணவில்லை என்று ஒரு கல்யாண விருந்தில் கண்டுபிடித்தான்." இது தேறும். ஆனால் துப்பறியும் கதை என்று நம்பி வந்து ஏமாறுவீர்கள். இதை ஐந்தாம் பகுதிக்கு எடுத்து வைக்கிறேன்.

2.

ஓடிலோனுக்கு அறுபத்து மூன்று வயது. முப்பத்தாறு வருஷம் எங்கள் ஃபிளாண்டர்ஸில், ஔடெனார்டே பக்கத்துக் கிராமங்களுக்கு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். (வயதில் மூத்தவனை 'அவன்' என்று எழுதுகிறேனே என்று கோபிக்க வேண்டாம். உடம்போடு ஒட்டிய கால்சட்டை போட்டு, மழித்த காலில் எண்ணெய் தடவிய ஆளுக்கு 'அவர்' போட என் கை வரவில்லை. ஃபிர்மினுக்கு மட்டும் 'அவர்' போடுவேன். அவர் கசாப்புக்காரர். கத்தி வைத்திருக்கிறார்.)

வாரமெல்லாம் பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்த மனிதன், ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரேஸ் சைக்கிளில் ஏறியதும் முதுகை மடக்கி மூக்கை முன் சக்கரத்துக்கு நேராக நீட்டிவிடுவான். எங்கள் கிளப்பில் எல்லோரும் அப்படித்தான். எண்பது கிலோமீட்டர், நாலைந்து கல் பாவிய மேடுகள், பதினொன்றேகாலுக்கு கஃபே. நாற்பத்து நாலு வருஷமாக ஓடிலோன் ஒரு ஞாயிறு தவறியதில்லை. அவனுடைய கல்யாணத்தையே சனிக்கிழமை வைத்தான் என்று ஹெர்லிண்டே சொல்வாள். ஹெர்லிண்டே அவன் மனைவி.

இந்த இடத்தில் எனக்கே என் ஆள் மேல் ஒரு சந்தேகம் வந்தது. மூன்று சென்டிமீட்டர் ஹேண்டில் உயரத்துக்காக இப்படி ஒருவன் உயிரைக் கொடுப்பானா? மிகையாக இல்லையா? பேனாவை மூடிவிட்டு அடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போனேன். திரும்பி வந்து பேனாவைத் திறந்தேன். மிகை இல்லை.

3.

மேசையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கஃபேயின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு நீள மேசை. கால் கிடையாது, சுவரில் அடித்த இரும்புத் தாங்கிகளில் நிற்கிறது. ஃபிர்மினின் அப்பா தன் கடையில் மாட்டுத் தொடை வெட்டிய பலகையை ஓய்வு கொடுத்துக் கொண்டுவந்து அடித்தது. நாங்கள் வந்து இறங்கியதும் வண்டிகளை முன் சக்கரம் சுவரில் முட்டும்படி மேசைக்கு அடியில் தள்ளுவோம். ஹேண்டில் பார் உள்ளே, சீட்டு வெளியே, வரிசையாக. மேலே கரும் பியர், சீஸ் துண்டுகள், கடுகு. கீழே எங்கள் வண்டிகள். மேசைக்கும் ஹேண்டில் பாருக்கும் நடுவே ஒரு விரல் போகும்.

"மேசைக்கு அடியில போறது ரேஸ் வண்டி. போகாதது மார்க்கெட் வண்டி," என்பார் ஃபிர்மின். எழுபது வயது. கிளப்பின் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, யாரும் பதவியிலிருந்து இறக்கவும் இல்லை.

அடியில் போகாத வண்டியை என்ன செய்வது? எதிரே, காலி பாட்டில் தொட்டி பக்கத்தில், கூடை வைத்த வண்டிகளோடு நிறுத்த வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை. யாரும் வாயைத் திறந்து எதுவும் சொல்லவும் மாட்டார்கள். அலோயிஸ் என்று ஒருவன் இருந்தான். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு ஹேண்டிலை உயர்த்திக்கொண்டு வந்தான். பாட்டில் தொட்டி பக்கம் நிறுத்தினான், எங்களோடுதான் குடித்தான், நாங்களும் அன்பாகத்தான் பேசினோம். கிளம்பும்போது மட்டும் ஆளுக்கு ஒருவர் அவன் வண்டிக்குப் பக்கத்துக் கூடையில் தடித்த வெங்காயத்தாள் மாதிரி ஒரு லீக்ஸ் கட்டையோ முட்டைக்கோஸையோ பார்த்து, "உன்னுதா அலோயிஸ்?" என்று கேட்டோம். மே மாதம் தொடங்கியது. ஜூனில் அவன் வரவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியோடு பூச்செடிக் கடைக்குப் போகிறான்.

ஓடிலோனும் அந்த முட்டைக்கோஸ் கேள்வியைக் கேட்டவன்தான்.

4.

ஆறு வருஷம் முன்பு ஓடிலோன் புது வண்டி வாங்கினான். இந்தக் காலத்து வண்டிகளில் என் வண்டி மாதிரி ஒற்றை போல்ட் வேலை கிடையாது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலிருந்து ஒரு குழாய் மேலே வரும். ஹேண்டில் பாரைப் பிடித்திருக்கும் துண்டு அந்தக் குழாயைக் கவ்வி நிற்கும். அந்தத் துண்டைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கழுத்துக்குக் கீழே வளையங்கள் போட்டால் ஹேண்டில் உயரும், எடுத்தால் இறங்கும். எடுத்த வளையங்களைக் கழுத்துக்கு மேலே மாட்டிவிட வேண்டும், குழாய் அந்த அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அழகு இல்லை. ஆனால் நாளைக்கு வேண்டுமென்றால் மறுபடி உயர்த்தலாம்.

ஓடிலோன் நாலு வளையத்தையும் மேலே மாட்டி, ஹேண்டிலை ஆன மட்டும் தாழ்த்தி, வண்டியை மேசைக்கு அடியில் தள்ளினான். ஹேண்டில் பார் கச்சிதமாகப் போனது. அதற்குப் பின்னால் நீட்டிய நாலு சென்டிமீட்டர் குழாய் மட்டும் மேசை விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றது.

ஃபிர்மின் பியரைக் கீழே வைத்துவிட்டு, "என்னடா ஓடிலோன், வண்டிக்கு வீட்டு வரி கட்டுறியா? புகைபோக்கி வெச்சிருக்க," என்றார்.

மேசை முழுக்கச் சிரித்தது. ஓடிலோனும் சிரித்தான். அன்று மத்தியானமே கேரேஜில் குழாயை இடுக்கியில் பிடித்து, நாலு சென்டிமீட்டரை ரம்பத்தால் அறுத்தான். அடுத்த ஞாயிறு அவன் வண்டி மேசைக்கு அடியில் சத்தமில்லாமல் நுழைந்தது. எல்லோரும் கோப்பையைத் தூக்கினோம்.

(இந்தப் பகுதியை நான்கு முறை திருத்தினேன். ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. நடை என்று நினைத்தேன்.)

5.

ஓடிலோன் தன் சுண்டு விரலைக் காணவில்லை என்று ஒரு கல்யாண விருந்தில் கண்டுபிடித்தான்.

ஹெர்லிண்டேயின் அக்கா மகள் கல்யாணம், போன ஏப்ரல். சூப்பு முடிந்து கறி வருவதற்குள் மாப்பிள்ளையின் மாமா பேச எழுந்தார், உட்காரவில்லை. அந்த நீண்ட பேச்சின் நடுவில் ஓடிலோன் எதேச்சையாகக் கீழே பார்த்தான். மேசை விரிப்புக்குக் கீழே ஹெர்லிண்டே அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று அவனுக்குத் தெரியவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் அவள் கைக்குள் இருப்பதைக் கண்தான் சொன்னது, விரல் சொல்லவில்லை. அவனுக்குப் பயம் வந்தது. நாற்பது வருஷமாகப் பிடித்த கை.

டாக்டர் அவன் கையைப் பார்க்கவில்லை, சைக்கிளைப் பற்றித்தான் கேட்டார்.

"உடம்பு வெயிட்டெல்லாம் உள்ளங்கையில இறக்குறீங்க. நரம்பு நசுங்குது. ஹேண்டில ஒரு மூணு சென்டிமீட்டர் தூக்குங்க."

"தூக்கலன்னா?"

"ஓட்டாதீங்க."

"வேற மாத்திரை ஏதாவது..."

"ஹேண்டிலுக்கு மாத்திரை இல்லீங்க."

6.

கோதலீவாவின் சைக்கிள் கடை சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிறது. (கோதலீவா எங்கள் பக்கத்து நிஜப் பெயர். தமிழ் வாசகருக்காக நான் ஜோடித்ததல்ல.) அவள் வண்டியைத் தாங்கியில் ஏற்றி, கழுத்தைக் கழற்றி, குழாயைப் பார்த்தாள். பிறகு ஓடிலோனைப் பார்த்தாள்.

"யாரு அறுத்தது இத?"

"வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு."

"வித்தது நான்தானே."

ஓடிலோன் மேலே தொங்கிய டயர்களை எண்ண ஆரம்பித்தான்.

"நாலு வளையம் போட்டுக் குடுத்தேன். அது எங்க?"

"தோட்டத்துல. தக்காளிக் குச்சியில மாட்டியிருக்கு."

"நல்லா காய்க்குதா?"

"பரவால்ல."

"முடி வெட்டுனா வளரும், நகம் வெட்டுனா வளரும். இது வளராது ஓடிலோன். புது ஃபோர்க் வரணும், இந்த மாடலுக்கு வர்றது நிறுத்தி ரெண்டு வருஷம் ஆச்சு."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது. கழுத்தைக் கையில் எடுத்துக் காட்டினாள். அது நேராக இல்லை, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. தலைகீழாகத் திருப்பினாள். இப்போது அதே துண்டு மேல்நோக்கிச் சாய்ந்தது.

"இதுல ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல கிடைக்கும். டாக்டர் கேட்ட மூணு இல்ல. ஆனா கை தேவலாம்னு சொல்லும். வீட்டுலயே பண்ணிக்கலாம், கவனமா கேளு. மேல நடுவுல இருக்கற போல்ட் பிடிக்கறதுக்கு இல்ல, ஆட்டம் இல்லாம அமுக்கி வைக்க மட்டுந்தான். பக்கவாட்டுல ரெண்டு இருக்கே, அதுதான் பிடி. அத முறுக்காம விட்டா ஹேண்டில் ஒரு பக்கம் போகும், சக்கரம் ஒரு பக்கம் போகும்."

"நான் முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டுனவன்."

"அதான் சொல்றேன். பஸ்ஸுல இத நீ முறுக்கல."

7.

மேல்நோக்கித் திருப்பிய கழுத்தோடு ஓடிலோன் ஒரு செவ்வாய்க்கிழமை ஆற்றங்கரை ஓரமாக நாற்பது கிலோமீட்டர் போய்வந்தான். திரும்பி வந்தபோது பத்து விரலும் அவனுடையவையாக இருந்தன. சமையலறைக்குள் போய் ஹெர்லிண்டேயின் கன்னத்தைச் சுண்டு விரலால் தொட்டான். அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள், "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல," என்றான். அந்த நிமிஷம் அவன் சந்தோஷமாக இருந்தான்.

சனிக்கிழமை கஃபே அடைத்திருக்கும் நேரம் பார்த்துப் போய், வண்டியை மேசைக்கு அடியில் தள்ளிப் பார்த்தான். முட்டியது. அரை விரல்தான். அரை விரல் போதும்.

இங்கே ஒரு நல்ல எழுத்தாளர் ஓடிலோனுக்கு ஒரு மனப் போராட்டம் எழுதியிருப்பார். நானும் இரண்டு பக்கம் எழுதினேன். ஆற்றில் ஒரு நாரைகூட நின்றது. எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், ஏனென்றால் அவனுக்குப் போராட்டமே வரவில்லை. திட்டம்தான் வந்தது.

திங்கட்கிழமை ஹெர்லிண்டே நீச்சலுக்குப் போவாள். அப்போது கழுத்தை மேலே திருப்புவான். வாரமெல்லாம் கேரேஜில் வண்டி மேல்நோக்கி நிற்கும், டாக்டர் சொன்னது தெரிந்த அவள் வந்து பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்வாள். சனிக்கிழமை இரண்டிலிருந்து நாலு வரை அவளுக்கு சர்ச் பாட்டுப் பயிற்சி. அப்போது கழுத்தைக் கீழே திருப்புவான். ஞாயிறு காலை அவள் தூக்கத்திலிருந்து எழுவதற்குள் கிளம்பிவிடுவான். ஹெர்லிண்டேக்கு ஹேண்டில் எப்போதும் மேலே. ஃபிர்மினுக்கு எப்போதும் கீழே. கள்ளக் காதல் வைத்திருப்பவன்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

பதினாறு வாரம். முப்பத்திரண்டு தடவை.

ஞாயிறுகளில் கை மரத்துத்தான் போனது. இறக்கத்தில் பிரேக் மேல் விரல் இருக்கிறதா என்று அவன் குனிந்து கண்ணால் பார்த்துக்கொண்டான். நான் அவனுக்குப் பின்னால் வருகிறவன், எப்போதும் கடைசி ஆள். அவன் எதையோ தேடுகிறான் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை பாட்டு வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று மணிக்கே கேட் கிறீச்சிட்டது. ஓடிலோன் நடுப் போல்ட்டை முறுக்கி முடித்திருந்தான். பக்கத்து இரண்டையும் விரலால் திருகியதோடு விட்டுவிட்டு, போல்ட் சாவியைப் பையில் போட்டுத் துடைப்பத்தைக் கையில் எடுத்தான்.

ஹெர்லிண்டே கேரேஜ் வாசலில் நின்று பார்த்தாள்.

"பெருக்குறியா?"

"ஆமா. குப்பையா இருந்துச்சு."

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவள் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து உள்ளே கூட்டிப்போனாள், காபி போட்டுக் கொடுத்தாள், பேச்சு பாட்டு வாத்தியாரின் தொண்டைக்குப் போனது. போல்ட் அவன் நினைவிலிருந்து போனது.

8.

இதற்குச் சாட்சி நான்.

மறுநாள் ஞாயிறு, முதல் மேடு ஏறினோம். கற்கள் எங்கள் பற்களையே ஆட்டும், விரலால் திருகிய போல்ட் எந்த மூலைக்கு. அந்தப் பக்கம் இறங்கும்போது சிலுவைச் சிற்பத்துக்குப் பக்கத்தில் சாலை இடது பக்கம் வளைகிறது. ஓடிலோன் ஹேண்டிலை இடது பக்கம் திருப்பினான். ஹேண்டில் அழகாகத் திரும்பியது. சக்கரம் நேராகப் போனது.

வேலியில் ஒரு சந்து, அதற்குள் புகுந்தான். அந்தப் பக்கம் மாட்டுத் தீவனக் குவியல், மேலே கறுப்பு பிளாஸ்டிக், அது பறக்காமல் இருக்க நூறு பழைய டயர். ஓடிலோன் டயர்களின் மேல் போய் விழுந்தான். சுவர் மேல் மோதாமல் டயர் மேல் விழுந்ததுக்கு அந்த விவசாயி பொறுப்பு, நான் இல்லை. என் முதல் வடிவத்தில் சுவர்தான் இருந்தது.

ஃபிர்மின் திரும்பி வந்தார். ஐம்பது வருஷம் மாட்டின் மூட்டுகளைப் பார்த்த கை, ஓடிலோனின் தோளை இரண்டு விரலால் தடவிப் பார்த்தது.

"காறை எலும்பு. சுத்தமா ரெண்டு துண்டு," என்றார், கொஞ்சம் பாராட்டும் குரலில்.

"வண்டி?" என்றான் ஓடிலோன்.

ஃபிர்மின் முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பினார். அது தன்பாட்டுக்குச் சுற்றியது. குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தார்.

"தலை ரெண்டும் தேஞ்சு கெடக்கு. எத்தனை தடவைடா கழட்டி மாட்டுன?"

"முப்பத்தி ரெண்டு."

"எதுக்கு?"

ஓடிலோன் டயர் மேல் படுத்தபடி வானத்தைப் பார்த்துப் பேசினான்.

"கை மரத்துப் போகுதுய்யா. ஏப்ரல்ல இருந்து. தூக்கி வெச்சா சரியாவுது. தூக்கி வெச்சா மேசைக்கு அடியில போவாது."

யாரும் சிரிக்கவில்லை. ஃபிர்மின் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறேழு வாரம் ஆகும். அப்புறம் வா. மேசை எங்கயும் போயிடாது."

இந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு இரண்டு மாதமாகத் திண்டாடுகிறேன். ஓடிலோன் அதை மிரட்டலாகக் கேட்டான். ஹெர்லிண்டேயிடம் சொன்னபோது அவள் அதைக் கனிவாகக் கேட்டாள். ஃபிர்மினிடமே போய் எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "மேசை மரம். மரத்துக்கு என்ன அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு எனக்கு அரைக் கிலோ தொத்திறைச்சி கட்டிக் கொடுத்தார்.

9.

வரைவை எடுத்துக்கொண்டு ஹெர்லிண்டேயைப் பார்க்கப் போனேன். ஓடிலோன் தோளுக்குப் பயிற்சி செய்யப் போயிருந்தான். அவள் சூப்புக்கு லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தாள். தமிழ் அவளுக்குத் தெரியாது, அதனால் அவள் மொழியில் கதையைச் சொன்னேன். துடைப்பம் வந்த இடத்தில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். லீக்ஸாகவும் இருக்கலாம்.

கல்யாண விருந்து வந்ததும் கத்தியை வைத்துவிட்டாள்.

"இத உங்ககிட்ட யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நானா கற்பனை பண்ணது."

"கற்பனை இல்ல. நான் பிடிச்சேன். அவன் திருப்பிப் பிடிக்கல. எதோ கோவத்துல இருக்கான்னு நெனச்சு, ரெண்டு நாள் நானும் பேசல." லீக்ஸை ஓரமாகத் தள்ளினாள். "கை மரத்துப்போச்சுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

எழுத்தாளர்கள் அடுத்தவர் கதையில் பதில் சொல்வதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருக்கிறேன், இந்த மாதிரி நேரங்களில் உதவும்.

"அப்புறம் எழுத்தாளரே, அந்தப் புகைபோக்கி விஷயம்."

"ஆமா, ஃபிர்மின் சொன்னது."

"ஃபிர்மினா? அன்னைக்கு ஓடிலோன் வீட்டுக்கு வந்து வேற பேரு சொன்னானே."

மின்சாரக் கெண்டி கொதிக்க ஆரம்பித்தது. அதை அணைக்கிற சாக்கில் நான் எழுந்தேன்.

"உட்காருங்க, அது தானா அணையும்," என்றாள். "அவன் கோவப்படல. நல்ல ஜோக்குன்னுதான் சொன்னான். ரெண்டு தடவை சொல்லிச் சிரிச்சான். சிரிச்சிட்டு கேரேஜுக்குப் போய் ரம்பத்த எடுத்தான்."

10.

சரி. நான்தான் சொன்னேன்.

வண்டிக்கு வீட்டு வரி கட்டுகிறாயா, புகைபோக்கி வைத்திருக்கிறாய் என்று ஆறு வருஷம் முன்பு அந்த மேசையில் உட்கார்ந்து சொன்னது நான். கடைசி ஆளாக வந்து சேர்கிறவன், வேறு எதில் முந்துவது? வாயில் முந்தினேன். மேசை சிரித்தது. ஃபிர்மின்கூட என் முதுகில் தட்டினார். கிளப்பில் சேர்ந்து பதிமூன்று வருஷம் கழித்து அன்றுதான் அவர் முதன்முதலாக என் முதுகில் தட்டினார். வீடு வரைக்கும் அந்த இடம் சூடாகவே இருந்தது.

அந்த நேரத்தில் ஓடிலோன் அறுத்துக்கொண்டிருந்தான்.

இந்தக் கதை என் கழுத்து வலியில் பிறக்கவில்லை. கழுத்து வலி உண்மை. ஆனால் கதை அந்த ஜோக்கில் பிறந்தது. நாலாம் பகுதி ஏன் உட்காரவில்லை என்பது இப்போது உங்களுக்கும் தெரியும். போய்த் திருத்தலாம். திருத்த மாட்டேன், அப்படியே கிடக்கட்டும். நான் எப்படிப்பட்ட ஆள் என்பதற்கு அது ஒரு அத்தாட்சி.

11.

முடிவுகள். மூன்று கைவசம் இருந்தன.

ஒன்று: டயருக்குப் பதில் சுவர். சர்ச்சில் மணி. துக்கக் காபி, ஹாம் வைத்த பன். சவப்பெட்டி மேல் அவனுடைய தொப்பி. ஃபிர்மின் பெட்டியின் உயரத்தைக் கண்ணால் அளந்து பார்க்கிறார். எழுதி முடித்து நானே அழுதேன், பிறகு வெட்கமாக இருந்தது. குழாயையும் அறுக்க வைத்து ஆளையும் அறுப்பதா?

இரண்டு: ஃபிர்மின் மனம் மாறி மேசையை ஒரு விரல் உயர்த்தி அடிக்கிறார். எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். ஃபிர்மினைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள். மேசையும் நம்பாது.

மூன்று: ஓடிலோன் சைக்கிளை விற்றுவிட்டு அலோயிஸோடு பூச்செடிக் கடைக்குப் போகிறான். இதை எழுத எனக்கு மனம் வரவில்லை, ஆனால் இதுதான் நடக்கக்கூடியது.

12.

இன்று அக்டோபர் மூன்றாம் ஞாயிறு. இந்த வருஷத்தின் கடைசி ஓட்டம் முடிந்துவிட்டது. நான் மேசையில் உட்கார்ந்து, ஃபிர்மினின் தொத்திறைச்சி சுற்றிய காகிதத்தின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் எண்ணெய் ஊறியிருக்கிறது, சில சொற்கள் ஒட்டவில்லை.

ஏழு வாரத்துக்குப் பிறகு டாக்டர் ஓடிலோனுக்கு வீட்டிலிருந்து கஃபே வரை நாலு கிலோமீட்டர் மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கோதலீவா இன்னும் செங்குத்தான ஒரு புதுக் கழுத்தை மாட்டினாள். டாக்டர் கேட்ட மூன்று சென்டிமீட்டரும் முழுசாகக் கிடைத்தது. "முப்பத்தி மூணாவது தடவை கழட்டுனா கடைப் பக்கம் வராத," என்றாளாம். ஹெர்லிண்டே இதைக் காலையில் போனில் சொன்னாள். "கிளம்பிட்டான்," என்றாள். "நான் ஒண்ணும் கேக்கல. சும்மா சொல்றேன்." வைத்துவிட்டாள்.

பதினொன்று இருபது. தபால் பெட்டித் திருப்பத்தில் அவன் வருவது தெரிகிறது. ஹேண்டில் பார் ஊருக்கே தெரிகிற மாதிரி நிமிர்ந்து வருகிறது, அவன் முதுகும்தான். தூரத்திலேயே அவன் பார்வை மேசைக்கு அடியில் போகிறது. அவனுடைய பழைய இடத்தை யாரும் எடுக்கவில்லை. அடுத்து பாட்டில் தொட்டியைப் பார்க்கிறான். வேகம் குறைகிறது. இங்கே நிறுத்தாமல் நேரே போய்விடவும் அவனுக்கு ஒரு பாதை இருக்கிறது. பூச்செடிக் கடை அந்தப் பக்கம்தான்.

மேசையில் எல்லோரும் கோப்பையைப் பார்க்கிறார்கள். ஃபிர்மின் என்னைப் பார்க்கிறார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள், இங்கே ஜோக் சொல்கிற ஆள் நான்தானே. நாக்கு நுனியில் ஒன்று நிற்கவும் செய்கிறது. நல்ல ஜோக்.

என் வண்டி மேசைக்கு அடியில், ஓடிலோனின் காலி இடத்துக்கு அடுத்தது. பழைய இரும்பு வண்டி, எதையும் அறுக்கத் தேவைப்படாத வண்டி. அதை வெளியே இழுத்து, ஹேண்டிலை இரண்டு விரல் தூக்கினால் இனி அது இந்த மேசைக்கு அடியில் போகாது. பாட்டில் தொட்டி பக்கம் கொண்டுபோய் நிறுத்த வேண்டியிருக்கும். அப்போது அங்கே இரண்டு வண்டி இருக்கும்.

ஏழு மாதமாக இதை எழுத முடிந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. முதுகில் அந்தத் தட்டு விழுந்த இடம் இன்னும் என்னைப் பிடித்து உட்கார வைக்கிறது. அதனால் உங்களிடம் கேட்கிறேன், எனக்குப் பதிலாக இல்லை, என்னோடு.

ஆறு மில்லிமீட்டர் சாவி என் சட்டையின் பின்பையில், வாழைப்பழத்துக்குக் கீழே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் துருப்பிடித்திருக்கும், பயப்பட வேண்டாம். இரண்டு சுற்று தளர்ந்ததும் போல்ட்டின் தலையில் ஒரு தட்டு தட்டுங்கள், உள்ளே பிடித்திருப்பது விடும். பிறகு ஹேண்டிலை மேலே இழுங்கள். கூடவே மேலே வரும் தண்டில் ஒரு கோடு பொறித்திருக்கிறது, அது வெளியே தெரியும் வரை இழுத்துவிடாதீர்கள்.

அவன் சாலையைக் கடந்துகொண்டிருக்கிறான். இடது பக்கம் திருப்பினால் தளரும்.